என் மனைவிக்குப் போய்ச் சேராத கடிதம்

இந்த மேடையின் நடுநாயகமாக வீற்றிருந்து, சுவர்க் கடிகாரத்தையும் என் முதுகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர், எங்கள் பங்குத்தந்தை அவர்களே! ஐம்பது ஆண்டுகளை ஒன்றாகக் கடந்துவந்து முதல் வரிசையை அலங்கரிக்கும் முதுபெரும் தம்பதியரே! பெற்றும் பேணியும், பொறுத்தும் பொங்கியும், வீடு என்ற சொல்லுக்கு விளக்கமாக வாழும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களிடம் திட்டு வாங்கியே திருந்திவரும் தந்தைமார்களே! மணமாகி ஆறு மாதம் ஆகாத காரணத்தால் இன்னும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டு உட்கார்ந்திருக்கும் இளம் இணையரே! பின்வாசல் ஓரம் பெயர்ப்பதிவு மேசையில் அமர்ந்து, வந்தவர் அத்தனை பேரையும் எழுதி முடித்துவிட்டு, இந்த நொடிவரை ஒரு முறைகூட மேடைப்பக்கம் நிமிர்ந்து பாராத என் மனைவியே! உங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்த, கொஞ்சம் நடுக்கமும் கலந்த என் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். மேடையில்தான் மின்தூக்கி, வேலைக்குப் போய்விட்டால் லிஃப்ட்தான். உயர்ந்த கட்டடங்களில் பொத்தானை அழுத்திவிட்டு, வரவில்லையே என்று ஒருவனைத் திட்டுகிறீர்களே, அந்த ஒருவன் நான். இந்தப் பங்கு ஆலயத்தில் மணம் முடிக்கப்போகும் பிள்ளைகளுக்கு நடக்கும் தயாரிப்பு வகுப்பை என் மனைவியும் நானும் பதினோரு ஆண்டுகள் நடத்தினோம். கணவன் மனைவி அன்பு என்பது கடவுளுடைய அன்பின் சாயல் என்று, பதினோரு ஆண்டுகள், தொண்டை வற்ற, கரும்பலகை தேயக் கற்றுக்கொடுத்தோம். இப்போது நடத்தவில்லை. ஏன் நடத்தவில்லை என்பதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

ஆனால் நீங்கள் காத்திருப்பது அதற்காக இல்லை, எனக்குத் தெரியும். இளைஞர்கள் என்னை 'லெட்டர் அண்ணன்' என்கிறார்கள். நான் என் மனைவிக்கு எழுதிய ஒரு காதல் கடிதம் இந்த ஊரில் என்னைவிடப் புகழ் பெற்றது. இன்றைய குடும்ப விழா மலரின் நான்காம் பக்கத்தில், சுற்றிலும் பூங்கொடி வரைந்து, அதை அச்சேற்றியும் இருக்கிறார்கள். நம் பேச்சாளரின் கணீர்க் குரலிலேயே அந்தக் கடிதத்தைக் கேட்போம் என்று தலைவரும் அறிவித்துவிட்டார்.

வாசிக்க மாட்டேன்.

அங்கே யாரோ ஏன் என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். தந்தை அவர்களே, நான் இப்படி மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடப்பதை மன்னிக்க வேண்டும். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஏன் முடியவில்லை? அந்தப் பதிவு மேசைக்குக் கீழே நீல நிறத்தில் ஒரு பயணப்பை இருக்கிறது. திரும்பிப் பார்க்காதீர்கள் அம்மா, தயவுசெய்து திரும்பாதீர்கள். காலையில் மடித்த துணிகளோடு வீட்டிலிருந்து வந்த பை அது. இந்தக் கூட்டம் முடிந்ததும் என் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்டு அவள் பதில் சொல்லாத முதல் கேள்வி அதுதான்.

ஆகவே அவையோரே, ஒரு பேச்சாளனுக்கு இதைவிடப் பெரிய சோதனை உண்டா? நான் பேச்சை முடித்தால் கூட்டம் முடியும். கூட்டம் முடிந்தால் அவள் போவாள். முடிக்காமலே பேசிக்கொண்டிருந்தால்? என்னால் முடியும், தெரியுமா? ஆதியிலிருந்து ஆரம்பித்து, ஆதாம் ஏவாள் தொடங்கி, நாளை மாலைவரை நான் பேசுவேன். தந்தை முகம் வெளுத்துவிட்டது. பயப்படாதீர்கள் தந்தையே, செய்ய மாட்டேன். பேசிப் பேசித்தானே இந்த நிலைக்கு வந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவருகிறானே என்று நீங்கள் நினைப்பீர்கள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். இன்று காலை, செருப்பு மாட்டிக்கொண்டே அவள் சொன்னது இது: "பேசுறதா இருந்தா நடந்ததைப் பேசுங்க. அழகா பேசணும்னு பேசாதீங்க. அந்த லெட்டரை மட்டும் படிக்காதீங்க." அதிலிருந்து ஒரே ஒரு வரியைச் சொல்லிக்கொள்ள அனுமதி கேட்டேன். எந்த வரி என்று அவளுக்குத் தெரியும். சரி என்று தலையசைத்தாள். அழகாகப் பேசக் கூடாது என்பதை மட்டும் என்னால் முழுக்கக் காப்பாற்ற முடியவில்லை. நாக்கு பழகிப்போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது என்ன? எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம். கடைசி நாள், ஆண்களை மாடி அறைக்கும் பெண்களைக் கீழ் அறைக்கும் பிரித்துவிடுவோம். ஒவ்வொருவரும் தமக்கு வரப்போகிற துணைக்குக் கடிதம் எழுத வேண்டும். மாடி அறை என் பொறுப்பு. கீழ் அறை அவள் பொறுப்பு. ஒரு அறையில் பேசியதை இன்னொரு அறைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டமும் போட்டோம். கூச்சமில்லாமல் எழுதட்டும் என்பதற்காகப் போட்ட சட்டம். போட்டவன் நான்தான்.

முதல் வருடம், அந்த நாள், மதியம். ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், வேலை முடித்து உட்கார்ந்திருந்தேன். கையில் எண்ணெய்க் கறை. பராமரிப்புத் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் என் மனைவிக்கு எழுதினேன். வகுப்புக்காக எழுதவில்லை, சத்தியமாக இல்லை! அவள் நினைவு வந்தது, எழுதினேன். அன்று சாயங்காலம் வீட்டில் கொடுப்பதற்காக நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

வகுப்புக்குப் போனேன். மாடியில் பதினாறு மாப்பிள்ளைகள். பேனாவைக் கடிக்கிறான் ஒருவன்; கூரையை அளக்கிறான் ஒருவன்; 'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் அதையே அழகு பார்க்கிறான் இன்னொருவன். அப்படிச் சிரிக்காதீர்கள் ஐயா, நீங்களும் அங்கே இருந்தவர்தான்! பொறுக்க முடியாமல், மனிதன் இப்படித்தான் எழுத வேண்டும் என்று பையிலிருந்து எடுத்து வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்தேன். கைதட்டினார்கள். ஒரு முரடன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெரியோர்களே, அந்தக் கைதட்டல் இருக்கிறதே, அது தேன். நான் அதில் விழுந்த ஈ. அடுத்த வாரமே அலுவலக இயந்திரத்தில் போட்டு இருபது நகல் எடுத்தேன்.

பதினோரு ஆண்டுகள். நூற்று எண்பத்து நான்கு ஆண்கள். நூற்று எண்பத்து நான்கு நகல்கள். மூலத்தாள் எந்த வருடத்தில் எந்த இயந்திரத்தின் கண்ணாடிமேல் தங்கிவிட்டது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ, அந்த ஒருத்திக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

மறந்துவிட்டேனா? இல்லை! மறந்திருந்தால் மன்னிப்பு எளிது. கொடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இது நல்லவர்களுக்கு மட்டுமே வருகிற வியாதி. கீழ் அறையில் அவள் எதையும் வாசித்துக் காட்டவில்லை. "இன்னைக்கே கையில கொடுக்கக்கூடியதை எழுதுங்க" என்று மட்டும் பெண்களிடம் சொல்லுவாளாம். தானும் அவர்களோடு உட்கார்ந்து எனக்கு எழுதுவாள். எழுதியதை வீட்டுக்கு வந்ததும் கொடுப்பாள். பதினோரு கடிதங்கள் கொடுத்திருக்கிறாள். நான் வாசித்தேன், ரசித்தேன், அலமாரியில் அடுக்கினேன். பதில் எழுதவில்லை. ஏன்? இவளைப் பற்றித்தானே சற்றுமுன் மாடியில் அவ்வளவு உருக்கமாக வாசித்துவிட்டு வந்தோம் என்று உள்ளுக்குள் ஒரு நிறைவு! நூறு பேரிடம் சொன்ன அன்பு, சொல்ல வேண்டியவளிடம் சொன்ன கணக்கில் சேர்ந்துவிட்டது. வயிறு காய்ந்து ஒருத்தி காத்திருக்க, நான் ஊர் முழுக்க உணவின் சிறப்பைப் பேசிவிட்டு ஏப்பம் விட்டேன்.

இது எப்படி வெளியே வந்தது? இப்போது சிரிப்பீர்கள், சிரியுங்கள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், போன வருட வகுப்பில் இருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவியைத் தேடி வீட்டுக்கு வந்தாள். அவள் கணவன் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறான். படித்து உருகிப்போயிருக்கிறாள். ஆனால் ஒரு வரி மட்டும் பிடிபடவில்லை. 'ஊசி குத்திக் குத்திக் கடினமான உன் விரல் நுனியைத் தொடும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தானாம். நான் அனுமதி வாங்கிய வரி இதுதான். அந்தப் பெண் வாழ்நாளில் ஊசியைத் தொட்டதில்லை! வேறு எவளுக்கோ எழுதியதை எனக்குக் கொடுத்துவிட்டாயா என்று பத்து மாதம் கழித்துச் சண்டை பிடித்ததில், மாப்பிள்ளை உண்மையைக் கக்கிவிட்டான். லெட்டர் அண்ணன் கொடுத்த நகலைப் பார்த்து எழுதினேன் என்று.

அந்தப் பெண் அதை நகைச்சுவையாகச் சொல்லத்தான் வந்தாள். "அக்கா, உங்க விரலை அப்படியே காப்பி அடிச்சிட்டார் அக்கா. எனக்கு மட்டும் இல்லையாம், இன்னும் எத்தனை பேருக்கு ஊசி குத்தியிருக்கோ" என்று சிரித்தாளாம். என் மனைவி மருத்துவமனைத் தையல் அறையில் வேலை பார்ப்பவள் என்பது உங்களுக்குத் தெரியும். கிழிந்த படுக்கை விரிப்பும் அறுவை அறை அங்கியும் அவள் கையில்தான் மறுபடி முழுசாகும். லெட்டர் எழுதச் சொல்லிக்கொடுப்பதால்தான் எனக்கு அந்தப் பட்டப்பெயர் என்று அதுவரை நினைத்திருந்தவள், எந்த லெட்டர் என்று ஒரே கேள்விதான் கேட்டாள். வந்தவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். என் மனைவி வாசலில் நின்றபடியே, இன்னொரு பெண்ணுக்கு இன்னொருவன் எழுதிய கடிதத்தில், தன் விரலைப் பற்றித் தன் கணவன் நினைத்ததைப் படித்தாள். பதினோரு வருடம் தாமதமாகப் படித்தாள். பிறகு அந்தப் பெண்ணுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். உள் அறையில் அடுத்த வகுப்புக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். குறிப்பின் தலைப்பைச் சொல்லட்டுமா? 'துணையின் மௌனத்தைக் கவனிப்பது எப்படி.' ஐயோ, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டாமா?

பத்தொன்பது நாள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பத்தொன்பது நாளும் நான் ஒன்றும் கவனிக்கவில்லை. இருபதாம் நாள் வகுப்பறைச் சாவியைக் கொண்டுபோய்த் தந்தையிடம் கொடுத்துவிட்டாள். தந்தை என்னைக் கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்ட பிறகுதான் ஏதோ நடந்திருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு ஓடினேன்; அந்தப் பெண் வந்ததையும் கடிதத்தைக் காட்டியதையும் அவள் சொன்னாள். முதலில் என்ன செய்தேன்? வாதாடினேன்! நல்லதைத்தானே எழுதியிருக்கிறேன், உன்னைப் புகழ்ந்துதானே எழுதியிருக்கிறேன், நாலு பேர் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்றுதானே கொடுத்தேன், அதில் ஒரு வார்த்தையாவது பொய்யா என்று கேட்டேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"பொய் இல்ல. எல்லாம் உண்மைதான். அதனாலதான் வலிக்குது. பொய்யா இருந்தா போகட்டும்னு விட்டிருப்பேன்."

தாய்மார்கள் பக்கம் சேலைத் தலைப்பு கண்ணுக்குப் போகிறது. ஆண்கள் பக்கம் செருமல் சத்தம் கேட்கிறது. கேட்கட்டும்.

அதோடாவது எனக்குப் புத்தி வந்ததா? வரவில்லை. மறுநாள் காலை, அலமாரியில் மிச்சமிருந்த நகல்களில் சுத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, புது உறையில் போட்டு, அவள் பெயரை மேலே எழுதி, கையில் கொடுத்தேன். இதோ, கொடுத்தாயிற்று என்ற நினைப்பு. அவள் உறையைப் பிரித்தாள். எழுத்து மங்கிப்போன அந்தத் தாளைப் பார்த்தாள். "இது எத்தனாவதுங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

அந்த வாரத்திலேயே இன்னொன்று நடந்தது. ஒரு அலுவலகக் கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மா, தனியாக. எங்கள் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு: மோட்டாரைத் தொடுவதற்கு முன்னால், சிக்கிக்கொண்டவரிடம் பேசு. கதவில் வாயை வைத்துப் பேசு. பேர் கேள், பேர் சொல்லிப் பேசு, உன் குரல் நிற்காமல் பார்த்துக்கொள். உதவியாளரை மேலே மோட்டார் அறைக்கு அனுப்பிவிட்டு, தரையில் குப்புறப் படுத்து, கதவிடுக்கில் முகத்தை வைத்து, முப்பத்தைந்து நிமிடம் அந்த அம்மாவோடு பேசினேன். அவருடைய பிள்ளைகள், முட்டிவலி, பயம் எல்லாம் கேட்டேன். நான் போகவே மாட்டேன், இங்கேயேதான் இருக்கிறேன் என்று அறுபது தடவை சொன்னேன். வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சாப்பிடும்போது இதைப் பெருமையாக என் மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "அந்தம்மாகிட்ட முப்பத்தஞ்சு நிமிஷம் பேசியிருக்கீங்க. என்கிட்ட எப்ப கடைசியா அப்படிப் பேசினீங்க?"

தட்டை அப்படியே வைத்துவிட்டு, அவையோரே, எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமும் இல்லை, உட்கார்ந்தால் இருப்பும் கொள்ளவில்லை. வேலைக்குப் போனால் வீட்டு நினைப்பு, வீட்டுக்கு வந்தால் வெளியே ஓடத் தோன்றுகிறது. ஆலயத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து, ஆண்டவரே, நான் நல்லதுதானே செய்தேன், உம்முடைய அன்பைத்தானே ஊருக்குச் சொன்னேன் என்று அவரிடமும் வாதாடினேன். அவர் சிலுவையில் இருந்தபடி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலே எனக்கு விளங்கியது.

என்ன விளங்கியது? பதினோரு வருடம் நான் என்ன கற்றுக்கொடுத்தேன்? கடவுளின் அன்பு பெரியது, கணவன் அன்பும் பெரியதாக இருக்கட்டும். கடவுளின் அன்பு நிலையானது, மனைவி அன்பும் நிலையாக இருக்கட்டும். சரிதான். ஆனால் அந்த அன்பு எப்படி வந்து சேர்ந்தது என்பதை நான் கற்றுக்கொடுக்கவில்லை! உலகம் முழுவதையும் நேசிக்கிறவர், உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஓர் அறிக்கை விட்டாரா? ஒரே வாசகத்தை நகல் எடுத்து வீட்டுக்கு வீடு போட்டுவிட்டு விண்ணகத்தில் ஓய்ந்து உட்கார்ந்தாரா? சொல்லுங்கள்! வாக்குமேல் வாக்கு சொல்லி, தூதுமேல் தூது விட்டுப் பார்த்துவிட்டு, போதும் என்று அவரே புறப்பட்டு வந்தார். பசிக்கிற உடம்போடு வந்தார், களைக்கிற காலோடு வந்தார். கூட்டத்துக்குப் போதித்தார், ஆம். ஆனால் கூட்டத்தின் நடுவில் ஒருத்தியின் விரல் தம் ஆடையைத் தொட்டதை உணர்ந்து நின்றார். மரத்தின்மேல் ஒளிந்திருந்த ஒருவனைப் பெயர் சொல்லி இறங்கச் சொன்னார். கடைசி இரவில், சீடர்கள் எல்லோர் கால்களும் சுத்தமாகட்டும் என்று பொதுவாக ஆசீர்வதித்துவிட்டு நகரவில்லை அவர்! இந்தக் கால், அடுத்த கால், அதற்கடுத்த கால் என்று ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திக் கழுவினார். காட்டிக்கொடுக்கப்போகிறவன் காலையும் கழுவினார்.

திருச்சபை அவரை மணவாளன் என்கிறது, தன்னை மணமகள் என்கிறது. கணவனே, அவர் திருச்சபைக்குத் தம்மைக் கையளித்ததுபோல நீயும் உன் மனைவிக்கு உன்னைக் கொடு என்கிறது நம் விசுவாசம். இதைக் கேட்டதும் நம் ஆண்கள் என்ன செய்தார்கள்? ஆகா, வீட்டில் எனக்கு ஆண்டவர் பதவி என்று நாற்காலியை உயர்த்திப் போட்டுக்கொண்டார்கள்! முன்வரிசைத் தாத்தா ஆமாம் ஆமாம் என்கிறார், பாட்டி அவரைக் கிள்ளுகிறார். ஐயா, அது பதவி உயர்வே கிடையாது. கீழே இறங்கு, மண்டியிடு, கையை நனைத்துக்கொள் என்று வந்த உத்தரவு அது. நான் பதினோரு வருடமாக மாடி அறையிலேயே இருந்துவிட்டேன்.

சாயல் என்கிறோம். யார் சாயல்? எங்கள் வீட்டில் அந்தச் சாயல் யார் முகத்தில் இருந்தது? எழுதினாள், கொண்டுவந்தாள், கையில் கொடுத்தாள். பதில் வரவில்லை, அடுத்த வருடமும் எழுதினாள், கொண்டுவந்தாள், கையில் கொடுத்தாள். பதினோரு முறை! இதைச் சொல்லி அவளைப் பீடத்தில் ஏற்றி வைக்க நான் வரவில்லை. பெண்ணைத் தெய்வமென்று பாடிவிட்டு அவளுக்குப் பதில் எழுதாமல் தப்பித்துக்கொள்வதும் ஆண்களின் பழைய தந்திரம்தான். அவள் தெய்வம் இல்லை. அவளுக்கு வலிக்கிறது, கோபம் வருகிறது, பையை எடுத்து வைக்கத் தெரிகிறது. பொறுத்துப் பொறுத்துப் போவதுதான் கிறிஸ்தவ மனைவிக்கு அழகு என்று எவராவது அவளிடம் சொல்ல எழுந்தால், முதலில் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்! கடவுளின் அன்பும் உண்மையைச் சொல்லாமல் விடாத அன்புதான். அவள் சாவியைத் திருப்பிக் கொடுத்தாளே, அதிலும் எனக்கு அந்தச் சாயல் தெரிந்தது.

என்ன சொல்கிறீர்கள்? மேடைக்குக் கூப்பிடவா? பின்வரிசைத் தம்பிகள் கை தட்டுகிறீர்கள், கூப்பிடுங்கள் அண்ணா, மைக்கிலேயே மன்னிப்புக் கேளுங்கள் அண்ணா என்கிறீர்கள். தாய்மார்களும் சேர்ந்துகொண்டீர்களா? தந்தையும் புன்னகைக்கிறார். எவ்வளவு அழகாக இருக்கும், இல்லையா? நான் நா தழுதழுக்க ஒரு மன்னிப்புக் கேட்பேன்; நீங்கள் கண்ணைத் துடைப்பீர்கள்; ஒருவர் கைப்பேசியில் படம் பிடிப்பார்; அடுத்த வருட வகுப்பில் அதைப் போட்டுக் காட்டுவார்கள். அன்புத் தம்பிகளே, அது நூற்று எண்பத்தைந்தாவது நகல்! அவளுக்கென்று என்னிடம் இருக்கிற ஒரே வார்த்தையை, மறுபடியும் உங்களிடம் முதலில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அவளுக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களா? மாட்டேன். நீங்கள் தட்டத் தட்ட எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே மாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். என் கடிதத்தைப் பார்த்து எழுதியவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், உங்கள் மனைவிமார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்தக் காகிதத்தைத் தூர வைத்துவிடுங்கள். உங்கள் மனைவியின் விரலை நீங்களே பாருங்கள். அதில் ஊசி குத்தியிருக்கிறதா, மை படிந்திருக்கிறதா, சூடு பட்டிருக்கிறதா என்று பார்த்து, பார்த்ததை அவளிடம் சொல்லுங்கள். தப்பும் தவறுமாகச் சொல்லுங்கள், பாதியில் நிறுத்திச் சொல்லுங்கள், அவளிடமே சொல்லுங்கள். பெண்களே, நீங்களும் அவன் முகத்தைப் பாருங்கள். யாரைப் போலவும் இல்லாத அந்த ஒரு முகத்தை நேசிக்கும்போதுதான், ஒவ்வொரு முகத்தையும் தனியாக நேசிக்கிறவரின் சாயல் நம் வீட்டில் விழுகிறது. இதை நான் வகுப்பில் சொன்னதில்லை, ஏனென்றால் எனக்கே தெரிந்திருக்கவில்லை.

எனக்கு என்ன ஆகும்? தெரியாது. அவள் மன்னிப்பாளா, தெரியாது. நான் கேட்பதற்காக அவள் கொடுத்தாக வேண்டும் என்றும் இல்லை. போகத்தான் போகிறாள் என்றால் பையை நான் தூக்கிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்ப்பேன். அக்கா வீடு வரைக்கும் கூட நடப்பேன். கேட்கிறேன் என்று அவள் சொன்னால் பேசுவேன். வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொண்டு நடப்பேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டமென்று உங்களுக்குத் தெரியும்.

தந்தையே, இன்னும் பதினைந்து நிமிடம் எனக்கு இருக்கிறது என்று சீட்டு அனுப்பியிருக்கிறீர்கள். நன்றி. எனக்கு அந்தப் பதினைந்து நிமிடம் இல்லை. அவள் எழுந்துவிட்டாள். பையைக் கையில் எடுத்துவிட்டாள். நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டாள். இல்லை, யாரும் தடுக்காதீர்கள், வழிவிடுங்கள் அம்மா, அவள் விருப்பம். வாசல்படி வரைக்கும் போய்விட்டாள்.

நிற்கிறாள். வெளியே இறங்கவில்லை, திரும்பவும் இல்லை. வாசலில் நிற்கிறாள்.

தலைமை தாங்கிப் பொறுமை காத்த தந்தை அவர்களுக்கும், வந்து அமர்ந்து கேட்ட பெரியோர்களுக்கும், அழுத தாய்மார்களுக்கும், செருமிய தந்தைமார்களுக்கும், கைதட்டிய தம்பிகளுக்கும், கைதட்டாமல் விட்டவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவும் என் நன்றி. நம்மை ஒவ்வொருவராகத் தேடி வந்தவர் உங்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக வரட்டும். எல்லோருக்கும் வணக்கம்.

ஒலிபெருக்கிக்கார அண்ணா, நிறுத்திவிடுங்கள். இனிமேல் பேசப்போவது ஒருத்தியிடம்.